என் குரலில் பறந்த பொய்

போன வருடம் மாசி மாதம். எங்கள் நாமகிரிப்பேட்டையைச் சுற்றியுள்ள காடு, தோட்டங்களில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்த சமயம். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கு வேலை இல்லை. துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. வாளியைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். கையில் செல்போன். தெருவில் அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"போச்சே சாமி, என்ற புள்ள போச்சே! வயித்துப் புள்ளையோட போச்சே!"

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரே மகள். மஞ்சள் மண்டியில் வேலை பார்த்தே அந்தப் பெண்ணைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் அண்ணன்தான் அவருக்கு ஒரே துணை. மகள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டும். பஸ், ரயில் அலைச்சல் கூடாது, விமானத்தில் போகலாம் என்று டாக்டர் சொன்னதால், கணவரோடு சேலத்துக்கு விமானம் ஏறியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் விமானத்தில் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்து, "ஏரோப்ளேன்ல வர்றவளுக்கு எறங்குன உடனே பசிக்குமா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அக்காவின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ. மலைகளுக்கு முன்னால் ஒரு விமானம், ஒரு பக்க இன்ஜினில் புகை. மேலே சிவப்பு எழுத்தில், 'சேலம் விமானத்தில் திக் திக் நிமிடங்கள்'. அதற்குக் கீழே ஹைதராபாத்திலிருந்து சேலம் வரும் விமானத்தின் எண். ஓர் ஆண் குரல் பதற்றமாக "மேடே, மேடே" என்கிறது. ஆபத்தில் இருக்கும் விமானி உதவி கேட்டுச் சொல்லும் வார்த்தை அது. பதிலுக்கு ஒரு பெண் குரல், சேலம் கண்ட்ரோல் டவரிலிருந்து பேசுவதுபோல, நிதானமாக ஆங்கிலத்தில் வழிகாட்டுகிறது. விமானம் ஆடிக்கொண்டே தரையை நெருங்குகிறது. சட்டென்று திரை கறுப்பாகிவிடுகிறது.

வீடியோவை மறுபடியும் ஓடவிட்டேன். விபத்து என்று பயந்ததால் அல்ல. அந்தப் பெண் குரல் என்னுடையது.

நான் ராசிபுரத்தில் ஒரு டயர் கம்பெனியில் கணக்கு எழுதுபவள். நாற்பதைத் தாண்டியாயிற்று. கொரோனா ஊரடங்கில் என் தம்பி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, அதில் விமானம் ஓட்டும் மென்பொருள் ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு இதே ஆர்வமுள்ள தமிழர்கள் இணையத்தில் நடத்தும் ஒரு குழுவில் சேர்ந்தேன். அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே வானத்தில் பறப்பதுபோல எல்லோரும் சேர்ந்து பறப்போம். சிலர் விமானி, சிலர் கண்ட்ரோல் டவர். என் குரல் தெளிவாக இருக்கிறது என்று என்னை டவரில் உட்காரவைத்தார்கள்.

"இந்த வயசுல கேம் ஆடறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். எங்கள் குழுவில் இருந்த கட்டுப்பாடு எங்கள் ஊர் ரோட்டில் இருந்தால் பாதிப் பேர் கைகால் முறியாமல் இருப்பார்கள். டவர் அனுமதி கொடுக்காமல் ஓடுபாதையில் ஏறக்கூடாது. தாழப் பறக்கும்போது இந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது. விமானம் வானத்தில் இருக்கும்போது இருக்கையை விட்டு எழுந்துபோகக்கூடாது. கடத்தல், குண்டு என்று நாடகம் போடவே கூடாது. போட்டால் அன்றோடு வெளியே.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான விதி ஆபத்துப் பயிற்சிக்கு இருந்தது. இன்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று பழகலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூடிய அறையில்தான் பழக வேண்டும். நிஜ விமானங்களின் எண்ணைப் பயன்படுத்தக்கூடாது, குழு கொடுத்த கற்பனை எண்ணைத்தான் சொல்ல வேண்டும். பதிவை வெளியே விடுவதானால், முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை 'இது கணினிப் பயிற்சி' என்ற எழுத்து திரையில் பெரிதாக இருக்க வேண்டும். இது ஏன் என்று சேர்ந்த புதிதில் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தைக்குக்கூடப் புரியும்.

எங்கள் குழுவில் ஒருவரை எல்லோரும் 'கேப்டன்' என்று கூப்பிடுவார்கள். நிஜ விமானத்தில் அவர் பயணியாகத்தான் ஏறியிருக்கிறார். ஆனால் வீடியோ சேனல் வைத்திருந்தார், ஆயிரக்கணக்கில் பார்வையாளர்கள், அதனால் குழுவில் மரியாதை. சில வாரங்களுக்கு முன் அவரும் நானும் ஓர் ஆபத்துப் பயிற்சி செய்தோம். அவர் விமானி, நான் சேலம் டவர். எல்லாம் விதிப்படிதான் நடந்தது, கற்பனை எண்தான் பயன்படுத்தினோம். அந்தப் பதிவைத்தான் அவர் எடுத்து, நாங்கள் சொன்ன எண் வரும் இடத்திலெல்லாம் 'பீப்' சத்தம் போட்டு மறைத்து, எழுத்தில் நிஜ விமானத்தின் எண்ணைப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அந்த வாசலில் நின்ற கணத்திலேயே புரிந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?

"அக்கா, அழுவாதீங்க்கா. இது நெசமில்லை. கம்ப்யூட்டர்ல ஓட்டறது. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலை."

"அவ போனு சுச்சாப்புன்னு வருது கண்ணு! மாப்ள போனும் அப்படித்தேன்!"

"ஏரோப்ளேன்ல போனை அணைச்சுத்தான்க்கா வெச்சிருப்பாங்க."

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலி என் போனில் இருக்கிறது. திறந்து, அந்த விமானம் இன்னும் பத்திரமாக வானத்தில் வந்துகொண்டிருப்பதைக் காட்டினேன். அக்கா அந்தச் சின்ன மஞ்சள் நிற விமானப் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டார். "பொம்மையைக் காட்டி என்னை ஏமாத்தாத சாமி. இதுல நெசமா ஓடுது பாரு" என்று அந்த வீடியோவைக் காட்டினார். நிஜ விமானம் பொம்மையாகிவிட்டது, பொம்மை விமானம் நிஜமாகிவிட்டது.

"அக்கா, அதுல பேசறது நாந்தான்க்கா."

"ஏனுங்க, நீங்க டயர் கம்பெனிலதானுங்க வேலை?" என்றார் கூட்டத்தில் ஒருவர். யாரும் நம்பவில்லை. ஒருத்தர் சிரித்தேவிட்டார்.

வேறு வழி தெரியவில்லை. வீடியோவின் சத்தத்தை நிறுத்திவிட்டு, அக்காவுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, டவரில் இருப்பதுபோலவே, அதே குரலில் பேசினேன். "ரன்வே கிளியர். யூ ஆர் கிளியர்டு டு லேண்ட்." ஓடுபாதை காலி, இறங்கலாம் என்று அர்த்தம். நிறுத்தாமல் அதற்கு அடுத்த வரி, அடுத்த வரி என்று சொல்லிக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்தபோது அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா கண்ணு? நீயா பேசுன?"

"நாந்தான்க்கா. புள்ள பத்திரமா வந்துட்டிருக்கா."

அவர் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த நொடியே போய்விட்டது.

"அய்யோ, எங்கண்ணன்! அவருக்குப் போன் போட்டுச் சொல்லிப்போட்டனே! வண்டியெடுத்துட்டுப் போறேன்னு சொன்னாரே!"

வீடியோவைப் பார்த்ததும் அக்கா முதலில் அழைத்தது ஜலகண்டாபுரத்து அண்ணனைத்தான். விமான நிலையம் அவருக்குத்தான் பக்கம். "நான் போயிப் பாக்கறேன், நீ பதறாத" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கில் கிளம்பிவிட்டார். நாங்கள் மாறிமாறி அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டிக்கொண்டிருப்பவர் எப்படி எடுப்பார்? பொய் அவருக்கு ஒரே அழைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது. உண்மை சொல்ல எத்தனை முறை அழைத்தும் முடியவில்லை.

தெருமுனையில் இருந்த வாடகைக் காரைப் பிடித்து அக்காவோடு கிளம்பினேன். ராசிபுரம் தாண்டி, சேலம் வரைக்கும் அழைத்துக்கொண்டே வந்தோம். பைபாஸில் போகும்போது ஒருவழியாக யாரோ எடுத்தார்கள். அண்ணன் குரல் இல்லை.

"ஏனுங்க, இந்தப் போனுக்காரருக்கு நீங்க சொந்தமுங்களா? தாரமங்கலம் தாண்டி வேகத்தடைல உழுந்துட்டாருங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க, காலுதான். ஆம்புலன்சுல ஓமலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வண்டிக்கும் போனுக்கும் நான் காவல் இருக்கறேனுங்க."

அக்கா அதற்குமேல் அழவில்லை. காரின் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவ்வளவுதான். ஓமலூரை நெருங்கும்போது அவர் போன் அடித்தது. மகள்.

"அம்மா, எறங்கிட்டோம்மா. ஏம்மா இத்தனை தடவை கூப்ட்ருக்கீங்க?"

அக்கா என் பக்கம் நீட்டினார். போனை வாங்கி நான்தான் சொன்னேன். தாய்மாமன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறி, எப்படியோ சொன்னேன். வீட்டுக்கு வந்து வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டியவள், விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைக்க வேண்டும், சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படுக்கையில் கிடந்தபடி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். வலியில் இல்லை, சந்தோஷத்தில். "நீ நல்லாருக்கீல்ல சாமி? எனக்கு அது போதும்" என்றார். பிறகு தங்கை சொல்லக் கேட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானுங்களா அதுல பேசுனது? அந்த ஏரோப்ளேனு கடசீல என்னாச்சுங்க?"

"நல்லபடியா எறங்கிருச்சுங்கண்ணா. அன்னைக்கு நாங்க பத்திரமா எறக்கிட்டோம். எறங்கறதை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போட்டிருக்காங்க."

அவருக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "நல்லபடியா எறங்குனதை ஏனுங்க வெட்டோணும்?"

ஆம்புலன்ஸில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று அந்தக் கேப்டனுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "அச்சச்சோ, அப்படியா மேடம்? ஆனா நான் யாரையும் ஃபார்வர்ட் பண்ணச் சொல்லலையே" என்றார்.

"வீடியோவை உடனே எடுங்க."

"நல்லா போயிட்டிருக்கு மேடம். தலைப்பை வேணா மாத்திடறேன்."

நல்லா போயிட்டிருக்கு! அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு எரிகிறது.

அந்த வாரமே குழுவின் நிர்வாகிகள் இணையத்தில் கூட்டம் கூட்டினார்கள். நான் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நிஜ எண் போட்டது தப்பு. பயிற்சி என்று முழுக்க எழுதாதது தப்பு. டவரில் பேசியவரின் அனுமதி இல்லாமல் வெளியிட்டது தப்பு. இதில் எதுவும் தெரியாமல் நடந்ததில்லை. எண்ணை மறைக்க 'பீப்' போடுகிறவருக்கு, அந்த எண் ஏன் வேண்டாம் என்பது தெரியாமலா இருக்கும்?

அதற்குக் கேப்டன் சொன்ன பதில்: "வீடியோ கடைசில சிமுலேஷன்னு போட்டிருக்கேனே மேடம்."

"கம்ப்யூட்டர் பயிற்சிங்கறதை, திரை கறுப்பானதுக்கப்புறம் கடைசில போட்டீங்க. பாதி பாக்கறதுக்குள்ள அந்தம்மா வாசல்ல சரிஞ்சு உழுந்துட்டாங்க" என்றேன். ஆத்திரத்தில் என் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. யாரோ ஒருவர் மைக்கை அணைக்காமல் களுக்கென்று சிரித்தது எனக்குக் கேட்டது.

தலைமை நிர்வாகி மிகவும் இனிமையான மனிதர். அவ்வளவு இனிமையாகவே சொன்னார். "மேடம், உங்க வருத்தம் புரியுது. ஆனா இதைப் பெரிசுபடுத்தினா குழுவுக்குத்தான் கெட்ட பேரு. என்ன இருந்தாலும் இது ஒரு விளையாட்டுத்தானே?"

விளையாட்டா? அனுமதி கேட்காமல் ஓடுபாதையில் ஒரு சக்கரம் வைத்ததற்காகப் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பையனை அதற்கு முந்தின மாதம்தான் வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்போது அது விளையாட்டாக இல்லை. அந்தப் பையனுக்குச் சேனல் கிடையாது, அதுதான் வித்தியாசம். கடைசியில் கேப்டனுக்குக் கொஞ்ச நாள் பறக்கத் தடை, 'சம்பந்தப்பட்ட இருவருக்கும்' எச்சரிக்கை என்று முடிவு செய்தார்கள். இருவருக்கும்! என் குரலைத் திருடிக்கொண்டு போனதற்கு எனக்கும் எச்சரிக்கை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் ஒரே ஒருவராவது, அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் என் மனது கொஞ்சம் ஆறியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கே குழுவிலிருந்து விலகினேன். அக்காவையும் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு நாமக்கல்லில் சைபர் குற்றப் பிரிவுக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். 'கேம் சண்டைக்கெல்லாம் இங்கே வருகிறீர்களா?' என்று சிரிப்பார்களோ என்ற பயத்தோடுதான் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி சிரிக்கவில்லை. வீடியோவை முழுதாகப் பார்த்தார். பிறகு அண்ணனின் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "இவரை நான் கூப்பிடறேன்" என்றார்.

அவர் கூப்பிட்டதும் வீடியோ காணாமல் போனது. நான் கேட்டபோது முடியாதது, காக்கிச்சட்டை பேசியதும் ஒரே நாளில் முடிந்தது. கேப்டன் மன்னிப்பு என்று சொல்லி ஒரு சின்ன வீடியோவும் போட்டார். 'யாராவது மனம் புண்பட்டிருந்தால்' என்று அதில் ஒரு வாக்கியம். யாராவது என்றால் யார்? அடிபட்டவருக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஜலகண்டாபுரத்துக்குப் பஸ் இருக்கிறது. ஒருநாள் வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். புண்பட்டது மனம் மட்டுமில்லையே.

நானும் ஒரு காரியம் செய்தேன். 'இது என் குரல், இது கணினிப் பயிற்சி, எந்த விபத்தும் நடக்கவில்லை' என்று பேசிப் பதிவுசெய்து, தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினேன். அது எங்கள் தெருவைத் தாண்டியதா என்பதே சந்தேகம். ஆனால் அந்தப் பொய் வீடியோவை, கேப்டன் நீக்கிப் பல வாரங்களுக்குப் பிறகும், தம்மம்பட்டியில் இருக்கும் என் நாத்தனாருக்கு யாரோ அனுப்பி, அவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டு, "சேலத்துல ஏரோப்ளேன் உழுந்துருச்சாமே?" என்று கேட்டார். அதைப் பேசியதே நான்தான் என்று அவருக்கும் விளக்கினேன்.

இதில் எனக்கு ஏற்பட்ட இழப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் முடிக்க மனது வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்மேல் கோபப்படவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சில மாதங்கள், நான் பேச்சுக் கொடுத்தால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்மேல ஒண்ணுமில்ல கண்ணு. உன்ற கொரலைக் கேட்டாலே ஒடம்பு நடுங்குது. நான் என்ன பண்ணட்டும்?" பத்து வருடமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நின்று பேசிக்கொண்டவர்கள் நாங்கள். பேரன் பிறந்து, அவனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படியேறிய பிறகுதான் அந்த நடுக்கம் மெல்லக் குறைந்தது. பார்வையாளர் எண்ணிக்கைக்காக ஒருவர் செய்த காரியம் எதையெல்லாம் உடைத்துவிட்டது பாருங்கள்.

இப்போதும் நான் கம்ப்யூட்டரில் விமானங்களை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். என்னைப்போலவே கோபத்தோடு வெளியே வந்த சிலர் சேர்ந்து ஒரு சின்னக் குழு ஆரம்பித்திருக்கிறோம். வெளியே அனுப்பப்பட்ட அந்தக் கல்லூரிப் பையனும் இருக்கிறான். ஓடுபாதைக்கு முன்னால் அவன் அளவுக்குப் பொறுமையாக நின்று அனுமதி கேட்பவர் எங்களில் யாரும் இல்லை. நான் ரொம்பக் கறார் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்கிறது. முணுமுணுக்கட்டும். பொய்யான விமானத்துக்கு எதற்கு மேடம் நிஜமான விதி என்று அவர்களில் யாராவது கேட்டால், ஜலகண்டாபுரத்தில் ஒருவர் இன்றைக்கும் தறிக்கும் வாசலுக்கும் இடையே காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறார் என்று மட்டும் சொல்கிறேன்.